கோர்தன்பாயின் மூக்கொழுகும் மிஷின்

கோர்தன்பாய் பிட்வாவிடம் யாராவது எதையாவது கேட்டு, அவர் முடியாது என்று சொன்னதாக எங்கள் சந்தில் ஒருவருக்கும் நினைவில்லை. கேட்டதைச் செய்தாரா என்பது வேறு விஷயம். செய்யமாட்டார். ஆனால் "ஆகட்டும் பென், ஆயிடுச்சுன்னே வெச்சுக்கோங்க" என்று தலையை ஆட்டிவிடுவார். எங்கள் குஜராத்தியில் பென் என்றால் அக்கா, பாய் என்றால் அண்ணன், காகா என்றால் சித்தப்பா. என் கடை வாசலில் இருக்கும் குழியைச் சிமெண்ட் போட்டு மூடித் தருவதாக அவர் சொன்ன வருஷம்தான் என் பெண் கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது அவளுக்கு ஒரு பையன் இருக்கிறான். மழை வந்தால் அந்தக் குழியில் கப்பல் விடுகிறான்.

ராஜ்கோட்டில் ஆஜி ஆற்றுப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் நான் பிளாஸ்டிக் குருணை விற்கிறேன். என் கடைக்கு நேர் எதிரே கோர்தன்பாயின் ஷெட். உள்ளே ஒரே ஒரு மோல்டிங் மிஷின், அதுவும் என் கல்யாணப் பட்டுப் புடவை வயசு. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் அதை "நம்ம மிஷின்" என்றுதான் சொல்வார், ஏதோ ஊருக்கே பொதுவில் வாங்கிப் போட்டது போல. மதியம் ஒரு மணிக்கு ஊர் மொத்தமும் ஷட்டரை இறக்கித் தூங்கப் போகும்போது எல்லோருக்கும் முன்னால் போவார். நாலு மணிக்கு எல்லோருக்கும் பின்னால் வருவார். வந்ததும் சாஸரில் டீயை ஊற்றி உறிஞ்சிக்கொண்டே மிஷினின் மூக்கைத் துடைப்பார்.

மூக்கு என்று அவர் சொல்வது நாசிலை. மிஷினுக்குள் உருகிய நைலான் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் டை என்கிற அச்சுக்குள் பாய்கிறது. டை திறந்து, பொருள் கீழே விழுந்து, மறுபடி டை மூடும்வரை மூக்கு சும்மா இருக்கவேண்டும். மற்ற பிளாஸ்டிக் எல்லாம் உருகினால் களி மாதிரி கெட்டியாக நிற்கும், சும்மா இரு என்றால் இருக்கும். நைலான் உருகினால் ரசம். கொஞ்சம் அசந்தால் சொட்டும், நூலாக இழுபடும். சொட்டியது ஆறிப்போய் அடுத்த முறை டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்த இடத்தில் பொருள் பட்டென்று உடையும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் கோர்தன்பாய் ஒரு பித்தளைக் கம்பியால் மூக்கைச் சுரண்டித் துடைத்தார். பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் வினுபாய் ஒருநாள் தன் பேத்தியின் கழுத்துத் துணி ஒன்றைக் கொண்டுவந்து மிஷின்மேல் போட்டுவிட்டுப் போனார்.

"காகா, பாப்பாவுக்குப் பல் முளைக்கிற நேரம் போலிருக்கு. ஜொள்ளு நிக்கவே மாட்டேங்குது."

"போட்டுட்டுப் போ, துடைக்க உதவும்" என்றார் கோர்தன்பாய். அவருக்குக் கோபமும் வராது. அதுவும் ஒரு குறைதான்.

மிஷின் பக்கத்தில் அவருடைய சூட்டுப்பெட்டி நிற்கிறது. பீரோ உயரம், உள்ளே தட்டுத் தட்டாக இருக்கும், ஹீட்டரும் மின்விசிறியும் உண்டு. நைலான் குருணைக்கு உப்பின் குணம். காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். அதை அரை நாளாவது இந்தப் பெட்டியில் காயவைத்துத்தான் மிஷினில் கொட்டவேண்டும். பெட்டி வாங்கியது அதற்குத்தான். ஆனால் ஒரு மழைக்காலத்தில் கோர்தன்பாய் நமுத்துப்போன காட்டியாவை, அதாவது எங்கள் ஊர்க் கடலைமாவு நொறுக்கை, ஒரு தட்டில் பரப்பி மேல் தட்டில் வைத்துப் பார்த்தார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி மொறுமொறுவென்று வந்தது. ராஜ்கோட்டில் மழைக்காலத்தில் மொறுமொறு காட்டியா என்றால் சாதாரணமா? ஒருவரிடம் சொன்னார். அடுத்த வாரம் சந்தே டப்பாவோடு நின்றது.

"பெட்டியில இடம் இருக்கா காகா?"

"இருக்கு, இருக்கு. உங்க வீட்டுப் பெட்டின்னு நெனச்சுக்கோங்க."

மூலை வீட்டு சம்பாபென் பூரி டப்பாவையும் அப்பளக் கட்டையும் அனுப்புவாள். வினுபாய் காட்டியாவோடு நிறுத்தாமல் ஈரச் சாக்ஸையும் கீழ்த் தட்டில் வைப்பார். அப்பளம் மாதிரி மெல்லிய ரொட்டியான காக்ரா நிரப்பிய என் டப்பாவும் உள்ளே இருந்தது. அவரவர் வந்து கதவைத் திறப்பார்கள், ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள், இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று மூடுவார்கள். இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. காட்டியா அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வருஷம் மழை தொடங்கும்போது அகமதாபாத்திலிருந்து அவர் மகன் மெஹுல் வந்தான். பாங்கில் வேலை, பதினோராவது மாடியில் வீடு. நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். மிஷினை விற்றுவிட்டு அம்மாவோடு தன்னிடம் வந்துவிடும்படி அப்பாவிடம் கேட்டான். கோர்தன்பாய் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"ஆகட்டும்டா. இந்த பேரிங் கம்பெனி வேலை ஒண்ணு வர்றதா இருக்கு. அது கிடைக்கலைன்னா குடுத்துட்டு வந்துடறேன்."

நாங்களாக இருந்தால் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். மெஹுல் ஊரைவிட்டுப் போய் நாளாகிவிட்டது, அப்பாவின் ஆகட்டுமை ஆகட்டும் என்றே எடுத்துக்கொண்டான். பக்கத்து ஊரான மோர்பியில் ஒருவரைப் பார்த்து, மிஷினை வாங்கிக்கொள்ள ஆளையும் நிறுத்திவைத்துவிட்டான்.

பேரிங் கம்பெனி வேலை என்பது, பேரிங்குக்குள் உருளும் இரும்புக் குண்டுகளை ஒன்றோடொன்று உரசாமல் பிடித்து வைக்கும் நைலான் வளையம். அதில் ஒரு பொட்டு ஆறிய நைலான் இருந்தாலும் வளையம் விரிசல் விடும். கம்பெனியிலிருந்து ஜயசுக்பாய் வந்து பார்த்தார். மெலிந்த ஆள், சிரிப்பைச் செலவழிக்காதவர்.

"காகா, திருவிழா முடிஞ்சு தசமியன்னிக்கு வர்றேன். ஒரு மணி நேரம் இங்க உக்காந்திருப்பேன். மிஷின் தன்னால ஓடணும். மூக்குல கம்பி பட்டுச்சுன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்."

"ஆகட்டும் பாய்" என்றார் கோர்தன்பாய்.

அவர் மனைவி ரசிலாபென் அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"தமயந்திபென், இவர் எத்தனையோ பேர்கிட்ட எத்தனையோ விஷயத்துக்குச் சரின்னிருக்காரு. நான் கவலையே பட்டதில்ல, ஒண்ணும் நடக்காதுன்னு தெரியும். இந்தத் தடவை அவர் ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தாலே நடந்துடும். அதான் உங்ககிட்ட வந்தேன்."

"உனக்குப் போகணும்னு இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"என்னை யார் கேட்டா? அவரைக் கேட்டாங்க, அவர் ஆகட்டும்னுட்டாரு."

கோர்தன்பாய் இந்தத் தடவை நிஜமாகவே பாடுபட்டார் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலில் மூக்கின் சூட்டைக் குறைத்தார். ஒழுகல் நின்றது, கூடவே எல்லாம் நின்றது. நைலான் மூக்கிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. வினுபாய் வெல்டிங் விளக்கைக் கொண்டுவந்து காட்டி அதை உருக்கிவிட்டார். பிறகு, ஒவ்வொரு முறை தள்ளிய பின்னும் நைலானைத் தள்ளுகிற திருகுத் தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுக்கவைத்தார், உறிஞ்சின மாதிரி நைலான் உள்ளே போய்விடும் என்று. போனது. காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது, வளையம் முழுக்க வெள்ளிக் கோடு விழுந்தது. நைலானுக்கென்றே உள்பக்கம் தலைகீழாகச் சரித்துக் கடைந்த மூக்கு ஒன்றை வினுபாயின் லேத்தில் செய்து மாட்டினார்கள். ஒழுகல் பாதியாகக் குறைந்தது. பாதி ஒழுகினாலும் ஜயசுக்பாய் எழுந்து போய்விடுவாரே.

வேறு வழி தெரியாமல் என்மேல் பாய்ந்தார். பாய்வது என்றால் அவர் பாணியில்.

"தமயந்திபென், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மூட்டையில ஈரம் இருக்குமோன்னு எனக்கு இல்ல, மிஷினுக்கு ஒரு சந்தேகம்."

எனக்குக் கோபம் உச்சிவரை ஏறிவிட்டது. என் சரக்கைக் குறை சொன்னவர்களை நான் சும்மா விட்டதில்லை. சீல் உடைக்காத புது மூட்டை ஒன்றை ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் போட்டேன்.

"உங்க கண்ணு முன்னாடி பிரிங்க. இதையே காயவைங்க. அப்பவும் ஒழுகிச்சுன்னா மிஷின்கிட்ட சொல்லிடுங்க, அதோட சந்தேகத்தை அதுவே வெச்சுக்கட்டும்."

பிரித்தார், காயவைத்தார், ஓட்டினார். ஒழுகியது. நான் வெற்றியோடு என் காக்ரா டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

சிராவண மாதத்துத் தேய்பிறை சஷ்டி வந்தது. அன்று எங்கள் பெண்கள் அடுப்படியைவிட்டு வெளியே வரமாட்டார்கள். மறுநாள் சீதளா சப்தமிக்கு அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, ஆறினதைத்தான் சாப்பிடவேண்டும், அதற்கு வேண்டியதையெல்லாம் இன்றே செய்து அடுக்கிவிடுவோம். வெந்தயக்கீரை ரொட்டியான தேப்லா, இனிப்புப் பூரி, கம்பு வடை என்று மலை மலையாக. வெளியே மழையோ நின்றபாடில்லை, வறுத்ததெல்லாம் ஆறுவதற்குள் நமுத்தது. அன்று மதியம் சூட்டுப்பெட்டியில் நைலானைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும், அவ்வளவு டப்பா. மிஷின் மூக்கு அழுதுகொண்டே இருந்தது.

சப்தமியன்று காலை ரசிலாபென் அடுப்பைத் துடைத்து, குங்குமம் இட்டு, கும்பிட்டுவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தாள். கோர்தன்பாய் ஹீட்டர் ஸ்விட்சில் கை வைத்தபடி நின்றார். ஊரே திருவிழா மேளாவுக்குப் போயிருந்தது. தசமிக்கு நாள் நெருங்கியதால் அவர் மட்டும் போகவில்லை. நான் ஷெட்டுக்கு எதற்குப் போனேன் என்றால் வேடிக்கை பார்க்கத்தான்.

"இதோ பாருங்க. இன்னிக்கு நெருப்பு கூடாது."

"இது நெருப்பா? மிஷின்தானே. நைலானை உருக்கறேன், யாரு அதைத் தின்னப்போறா?"

ரசிலாபென் யோசித்தாள். "சரி, மிஷின் ஓடட்டும். பெட்டி?"

"பெட்டியும் நைலானுக்குத்தான்."

"நைலானுக்குத்தான்னா நேத்து சம்பாபென்னோட கம்பு வடை உள்ள போய் என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

கோர்தன்பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சாப்பாடு சூடாகிற இடம் எதுவோ அது அடுப்பு" என்றாள் ரசிலாபென். "அது அடுப்புன்னா இன்னிக்கு ஆறிக் கிடக்கணும். நைலான் பெட்டின்னா ஓடட்டும், ஆனா ஒரு டப்பா உள்ள போகக் கூடாது, யாரும் வந்து திறந்து பாக்கக் கூடாது. நேத்து ராத்திரியே எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சுட்டேன். இப்ப சொல்லுங்க, அடுப்பா, பெட்டியா?"

"பெட்டி" என்றார் கோர்தன்பாய் மெல்ல. அவள் முக்காலியைப் பெட்டியின் முன்னால் போட்டு ஜபமாலையோடு உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு நைலானை எடுக்க மட்டும் கதவு திறந்தது.

மதியத் தூக்கம் முடிந்து நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கோர்தன்பாய் வாசலில் வந்து நின்றார். அவர் முகம் பேய் அறைந்தது போல இருந்தது.

"கொஞ்சம் வர்றீங்களா. ஒரு விஷயம் காட்டணும்."

போய்ப் பார்த்தேன். டை திறந்தது, வளையம் விழுந்தது, மூக்கு கல்லு மாதிரி உலர்ந்து நின்றது. மறுபடி திறந்தது, மறுபடி விழுந்தது. பித்தளைக் கம்பி ஆணியில் தொங்கியது. மேளாவிலிருந்து திரும்பிய வினுபாய் பஞ்சுமிட்டாயோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"காகா, இது மாதா வேலைதான். ஊர்ல எல்லாச் சூட்டையும் ஆத்துறவ, உங்க மிஷின் மூக்கை ஆத்த மாட்டாளா?"

கோர்தன்பாய் அதை அப்படியே நம்பிவிட்டார். அன்று சாயங்காலமே சீதளா மாதா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, வெல்லமும் கம்பு மாவும் சேர்த்த உருண்டை வைத்துக் கும்பிட்டு வந்தார். சந்து முழுக்க ஒவ்வொரு வாசலிலும் நின்று அந்தக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அடுத்த கேள்வியாக நாளைக்குப் பெட்டி திறந்திருக்குமா என்றும் கேட்டார்கள். ஆகட்டும் என்றார்.

அஷ்டமியன்று கிருஷ்ணன் பிறந்தான், டப்பாக்களும் திரும்பி வந்தன. நவமியன்று காலையிலேயே மூக்கு ஒழுகியது.

மாதாவுக்கு ஏதோ கோபம் என்று கோர்தன்பாய் முடிவுகட்டினார். சப்தமி விரதத்தையெல்லாம் மறுபடி செய்தார். மழைக்குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தார். மூன்று நாள் பழைய பூரியை ஆறினபடியே தின்றார். ரசிலாபென் சூடாகக் கிச்சடி போட்டு வைத்தும் தொடவில்லை. தும்மினார். மிஷினும் அவரும் சேர்ந்து மூக்கொழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வினுபாய் இரண்டாவது கழுத்துத் துணியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

மறுநாள் தசமி. நவமி மதியம் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். ஷெட்டுக்கு வந்து, ஆறின பூரி போதும் என்று தோன்றி, ஒரு வாய் காட்டியா எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் படிவதுதான். வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

சப்தமியன்று நைலானை எடுக்கத் திறந்தபோது கண்ணாடியில் ஆவி படியவில்லை.

இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். ஒரு கையில் காட்டியா, வாயில் ஒன்று, மென்றுகொண்டே பெட்டிக்குள் பார்த்தாராம். சம்பாபென்னின் அப்பளக் கட்டுமேல் முத்து முத்தாகத் தண்ணீர். வினுபாயின் சாக்ஸிலிருந்து புகை மாதிரி ஆவி. என் காக்ரா டப்பாவின் மூடி உள்பக்கம் நனைந்திருந்தது. ஊரின் ஈரத்தையெல்லாம் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து அவருடைய நைலானுக்கு நாங்கள் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தோம். குடித்த ஈரம் மிஷின் சூட்டில் ஆவியாகி நைலானை வெளியே தள்ளாமல் என்ன செய்யும்? மாதா பாவம், அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. இனி யாரும் பெட்டியைத் தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான். மற்ற எவருக்கும் அது ஒரு வேலையே இல்லை. கோர்தன்பாய்க்கு வியர்த்துவிட்டது.

முதலில் பெட்டி ரிப்பேர் என்று பரப்பினார். வினுபாய் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்து, ஸ்விட்சைப் போட்டுப் பார்த்து, "ஒண்ணுமில்ல காகா, சூப்பரா ஓடுது, கவலைப்படாதீங்க" என்று தைரியம் சொல்லி, சாக்ஸைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார். பிறகு கோர்தன்பாய் வீடு வீடாகப் போய் டப்பாக்களையும் சாக்ஸையும் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் வந்து நின்றவர் என் முகத்தைப் பார்த்ததும், "டப்பா தூசியா இருந்துச்சு, துடைச்சுக் குடுக்கலாமேன்னு" என்றார். நானும் எவ்வளவு நல்ல மனுஷர் என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, தசமி காலையில் அதை நிரப்பித் திருப்பி அனுப்பினேன். எல்லோரும் அனுப்பினார்கள். "வெச்சுட்டுப் போங்க, வெச்சுட்டுப் போங்க" என்று வாங்கி, உள்ளே வைக்காமல் பெஞ்சில் வரிசையாக அடுக்கினார். இப்படியே அன்றைய நாளைத் தள்ளிவிடலாம் என்று அவர் கணக்கு.

நாலு மணிக்கு ஜயசுக்பாய் வந்தார். மழையில் பாதி நனைந்திருந்தார். மிஷினுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நானும் வினுபாயும் சம்பாபென்னும் வாசலில் நின்றோம், பரீட்சை எழுதுகிற பிள்ளையின் வீட்டார் மாதிரி. மிஷின் ஓடத் தொடங்கியது. டை திறந்தது, வளையம் விழுந்தது, மூக்கு உலர்ந்திருந்தது.  ரசிலாபென் டீ கொண்டுவந்தாள். பாதி நேரத்துக்கான நைலான் மிஷினில் இருந்தது, மீதிப் பாதி பெட்டிக்குள் காய்ந்துகொண்டிருந்தது.

டீயைப் பார்த்ததும் ஜயசுக்பாய் சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மேளாவில் வாங்கிய காட்டியா. காகிதம் நனைந்து கையோடு வந்தது. முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தெரிந்தது.

"காகா, உங்க பெட்டியைப் பத்திப் பேட்டை முழுக்கப் பேசிக்கறாங்க. இதைக் கொஞ்சம் உள்ள வைங்களேன், டீயோட சாப்பிடுவோம்."

"ஆக..." என்று ஆரம்பித்தார் கோர்தன்பாய். பழக்கதோஷத்தில் கை பெட்டியின் கைப்பிடிக்குப் போய்விட்டது. போன கையை அவரே பார்த்தார்.  ரசிலாபென் டீத் தட்டோடு அசையாமல் நின்றாள்.

"முடியாது" என்றார்.

ஜயசுக்பாய்க்குச் சரியாகக் கேட்கவில்லை போல. "என்ன?"

"முடியாது பாய். கதவைத் திறந்து இந்த ஈரத்தை உள்ள வெச்சா என் நைலான் குடிச்சுடும். அப்புறம் மூக்கு ஒழுகும். நீங்க கேட்டாலும் முடியாது."  எங்கள் பக்கம் திரும்பினார். "இவங்க கேட்டாலும் முடியாது. இனிமே யாரோட டப்பாவும் உள்ள போகாது. சாக்ஸும் போகாது."

பெஞ்சில் என் டப்பா முதலாவதாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். இத்தனை வருஷம் குழியை மூடாததைப் பொறுத்தவள், இதைப் பொறுக்கமாட்டேனா என்று அப்புறம்தான் தோன்றியது. சம்பாபென் சத்தமில்லாமல் போய்த் தன் பூரி டப்பாவை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜயசுக்பாய் பொட்டலத்தை மடியில் பிரித்து, நமுத்த காட்டியா ஒன்றை வாயில் போட்டு மென்றார். மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததும் எழுந்து கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தார், ஒரு வளையத்தை எடுத்து வளைத்துப் பார்த்தார். அது உடையவில்லை.

"அடுத்த வாரம் மீதி டையெல்லாம் வந்துடும். காட்டியாதான் நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டுக் குடையில்லாமல் மழையில் இறங்கிப் போனார்.

வினுபாய் கோர்தன்பாயைக் கட்டிப்பிடித்தார். அவர் கட்டிப்பிடிக்கவிட்டுவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்த மனுஷர் ஆசையா பொட்டலத்தோட நின்னாரு. நான் முடியாதுன்னுட்டேன்" என்றார் மனைவியிடம், ஏதோ ஒருவரை அடித்துவிட்டு வந்தவர் மாதிரி.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் கேட்டதுக்கெல்லாம் ஆகட்டும் ஆகட்டும்னீங்க" என்றாள் ரசிலாபென். "எது நிஜ ஆகட்டும், எது சும்மா ஆகட்டும்னு எனக்கே தெரிஞ்சதில்ல. இன்னிக்குத்தான் நீங்க ஒரு வார்த்தை சொன்னதை நான் அப்படியே நம்பினேன்."

கோர்தன்பாய் முக்காலியிலிருந்து எழுந்தார். பிறகு போனை எடுத்து மெஹுலைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகத்தான் பேசுவார், இரண்டு பக்கமும் எல்லோருக்கும் கேட்டது.

"மெஹுல், வேலை கிடைச்சுடுச்சு. மோர்பிக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு. இன்னொண்ணும் கேளு. கிடைக்காம இருந்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்."



"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பப்பா" என்றான் மெஹுல். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்க ரெண்டு பேருக்கும்னு ஒரு ரூமைக் காலி பண்ணி, பெயிண்ட் அடிச்சு, கட்டில் எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். அம்மாவுக்குப் பிடிக்கும்னு ஜன்னல் பக்கமா பூஜை மாடம்கூட அடிச்சாச்சு."

கோர்தன்பாய் போனை இன்னொரு கைக்கு மாற்றினார். இப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. தான் சொன்ன ஆகட்டுமை ஒருவன் நம்பி, சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும், நாங்கள் யாரும் அவரை நம்பியதில்லையே. ரசிலாபென் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தீபாவளிக்கு வாங்க, அந்த ரூம்லயே ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க" என்றான் மெஹுல்.

ஆகட்டும் என்ற வார்த்தை அவர் தொண்டைவரை வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் மிஷினைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நாலு நாள்" என்றார். "நாலு நாள் நிச்சயமா வர்றோம்டா."